பதவி உயர்வு கேட்பது தாழ்மைக்கு விரோதமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரே அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள். அங்கே குழுத் தலைவர் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. விண்ணப்பிக்கிறவர்கள் தாங்கள் செய்த வேலைகளைத் தாங்களே விவரித்து ஒரு சுயமதிப்பீட்டுப் படிவத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். "நான் செய்தேன், நான் சாதித்தேன்" என்று எழுத உங்களுக்குக் கை கூசுகிறது. சென்ற முறை இதே கூச்சத்தால் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டீர்கள். நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த இளையவர் ஒருவர் அந்த இடத்துக்குப் போய்விட்டார். உடன் வேலை செய்யும் இன்னொருவர் உங்கள் வேலையைக் கூட்டங்களில் தம்முடையதைப்போலச் சொல்லிக்கொள்கிறார். சபையில் ஒரு மூத்தவரிடம் மனம்விட்டுப் பேசியபோது, "உயர்த்துகிறவர் கர்த்தர், நாமாகக் கேட்கக்கூடாது" என்று அவர் சொல்லியிருக்கிறார். விண்ணப்பித்தால் பெருமைக்காரியாகிவிடுவேனோ என்ற பயமும், விண்ணப்பிக்காமல் விட்டதில் உள்ளே கசப்பு ஊறுகிறதே என்ற குற்றவுணர்வும் சேர்ந்து உங்களை அலைக்கழிக்கின்றன.

விண்ணப்பியுங்கள் என்பதே என் பதில். ஆனாலும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்கு உதவியவனாக மாட்டேன். உங்கள் தயக்கத்தில் உண்மையான பக்தியும் இருக்கிறது, பக்தியின் உடையை உடுத்திக்கொண்டு வந்த பயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் படிவத்தை நிரப்பினால், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மனம் ஆறாது.

முதலில் உங்களை உறுத்துகிற வசனத்தையே எடுத்துக்கொள்வோம். "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார் (பிலிப்பியர் 2:3). இங்கே 'வாது' என்று நம் வேதாகமம் தருகிற கிரேக்கச் சொல் 'எரித்தெயா'. பவுலுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லை, அரசியல் பதவிகளைச் சூழ்ச்சியாலும் ஆள்சேர்ப்பாலும் பிடிக்கிற வழக்கத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே பவுல் கண்டிப்பது, இன்னொருவனைக் கீழே தள்ளி அவன் இடத்தில் ஏறி நிற்கத் துடிக்கிற மனநிலையைத்தான். முன்னேறவேண்டும் என்ற ஆசை முழுவதையும் அவர் கண்டித்தார் என்றால், அவரே வேறு மூன்று இடங்களில் எழுதியதை நாம் விளக்கமுடியாமல் போகும். 'கனத்தை நேசித்தல்' என்று பொருள்படும் வேர்களிலிருந்து உருவான 'ஃபிலோதிமெயோமாய்' என்ற கிரேக்க வினைச்சொல்லை, அதாவது அந்தக் காலத்தில் பொதுவாழ்வில் பேரும் மதிப்பும் தேடியவர்களைப்பற்றிச் சொல்லிவந்த அதே சொல்லை, அவர் கூசாமல் எடுத்து ஆளுகிறார். கிறிஸ்துவின் நாமம் அறிவிக்கப்படாத இடங்களில் சுவிசேஷத்தைச் சொல்லுவதில் தமக்கு அப்படிப்பட்ட ஆவல் உண்டு என்கிறார் (ரோமர் 15:20). அவருக்குப் பிரியமானவர்களாயிருக்க நாடுகிறோம் என்கிறார் (2 கொரிந்தியர் 5:9). "அமைதலுள்ளவர்களாயிருக்கும்படி நாடவும்", சொந்தக் கைகளினாலே வேலை செய்யவும் வேண்டுமென்று தெசலோனிக்கேயருக்குப் புத்திசொல்லுகிறார் (1 தெசலோனிக்கேயர் 4:11). இந்த மூன்றாவது இடத்தில் நான் பலமுறை நின்று யோசித்திருக்கிறேன். பேர் தேடுகிற வேகம் அத்தனையையும் அமைதியாக, நேர்த்தியாக ஒரு வேலையைச் செய்வதில் செலுத்துங்கள் என்று அவர் சொல்லுகிறார். ஆவலை அவித்துப்போடச் சொல்லவில்லை. அது எதை நோக்கிப் பாயவேண்டும் என்று சொல்லுகிறார்.

இயேசுவும் இதே விதமாய்த்தான் நடந்துகொண்டார். செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானும் அவருடைய மகிமையில் ஒருவன் வலதுபக்கத்திலும் ஒருவன் இடதுபக்கத்திலும் உட்காரவேண்டும் என்று கேட்டார்கள் (மாற்கு 10). மற்றப் பத்துப்பேருக்கும் எரிச்சல் வந்தது. வராமல் இருக்குமா, அதற்குமுன் ஒருமுறை தங்களில் எவன் பெரியவன் என்று வழியெல்லாம் அவர்களும் தர்க்கம்பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். இயேசு அவர்களைக் கூட்டி உட்காரவைத்து, பெரியவனாக விரும்புவதே பாவம் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதோ: "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்." அந்த இரண்டு சகோதரரும் கேட்டது நாற்காலியை. அந்த நாற்காலிக்குரிய பாடு என்ன, குடிக்கவேண்டிய துன்பத்தின் பாத்திரம் என்ன என்று அவர்கள் யோசிக்கவில்லை. அதனால்தான் அவர்கள் கேட்பது இன்னது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்று அவர் சொன்னார். நம் மொழியில் 'பணி' என்றால் வேலை. 'பணி' என்றால் வணங்கு, தாழ்ந்து நில் என்றும் பொருள். இரண்டும் 'பணிவிடை' என்ற ஒரே சொல்லில் வந்து சேருகின்றன. உங்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: குழுத் தலைவர் என்ற பெயர் வேண்டுமா, அந்தக் குழுவுக்கு நடக்கவேண்டிய வேலை வேண்டுமா? பெயர் இல்லாமல் அந்த வேலையில் பாதியை இப்போதே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

இனி அந்தப் படிவம். உங்கள் கூச்சம் முழுவதும் அங்கேதான் குவிந்திருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். "உன் வாய் அல்ல, புறத்தியானே உன்னைப் புகழட்டும்" என்று நீதிமொழிகள் 27:2 சொல்லுகிறதே, அப்படியிருக்க என்னைப்பற்றி நானே எழுதலாமா என்று கேட்கிறீர்கள். புகழ்வது வேறு, கணக்கு ஒப்புவிப்பது வேறு. எஜமான் ஒருவன் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை, அதாவது பெரும் பணத்தை, ஒப்புவித்துப்போன உவமையைத் திரும்ப வாசித்துப்பாருங்கள் (மத்தேயு 25). வெகுகாலமான பின்பு எஜமான் வந்து கணக்குக் கேட்கிறான். முதலாம் ஊழியக்காரன், "ஐந்து தாலந்தை என்னிடத்தில் ஒப்புவித்தீரே, அவைகளைக்கொண்டு, இதோ, வேறு ஐந்து தாலந்தைச் சம்பாதித்தேன்" என்கிறான். சம்பாதித்தேன் என்று தன்மை ஒருமையில், எண்ணிக்கையோடு, மழுப்பாமல் சொல்லுகிறான். எஜமான் அவனைப் பெருமைக்காரன் என்று சொல்லவில்லை. உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே என்று அழைக்கிறான். ஏன்? 'ஒப்புவித்தீரே' என்று தொடங்கியதால் மூலதனம் யாருடையது என்பதை அவன் மறைக்கவில்லை. 'சம்பாதித்தேன்' என்று முடித்ததால் தன் உழைப்பையும் மறைக்கவில்லை. சுயமதிப்பீட்டுப் படிவத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. பவுலும் இதே இலக்கணத்தில்தான் எழுதுகிறார்: "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" (1 கொரிந்தியர் 15:10). கிருபையைச் சொல்லவேண்டும் என்பதற்காக, தாம் அதிகமாய் உழைத்ததை அவர் குறைத்துச் சொல்லவில்லை.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "மாத இறுதிக் கணக்குப் பணியில் என்னாலான சிறு உதவியைச் செய்தேன்" என்று எழுதினால் அது பணிவாகத் தோன்றும்; ஆனால் நடந்தது அதுவல்ல என்றால் அது பொய். "இந்தப் பிரிவின் முதுகெலும்பாக இருந்து அனைத்தையும் மாற்றியமைத்தேன்" என்பதும் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இதமான தொனியைத் தேடிப்பிடித்து எழுதச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும் என்கிறேன். "முன்பு மாத இறுதிக் கணக்கை முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. நிலுவையில் உள்ள விலைப்பட்டியல்களைத் தினமும் தனியே பிரித்துவைக்கும் முறையை நான் முன்வைத்தேன். அதை இன்னார் இருவர் சோதித்துத் திருத்தினார்கள். இப்போது ஐந்து நாட்களில் முடிகிறது. முதல் மாதம் என் கவனக்குறைவால் இரண்டு பதிவுகள் விடுபட்டன. அடுத்த மாதத்தில் சரிசெய்தேன்." இந்த ஆறு வரிகளில் 'நான்' இருக்கிறது, மற்றவர்கள் இருக்கிறார்கள், அளவு இருக்கிறது, தவறும் இருக்கிறது. மெச்சுகிற சொல் ஒன்றுகூட இல்லை. புகழ்வதா வேண்டாமா என்பதைப் புறத்தியானாகிய உங்கள் மேலாளர் தீர்மானித்துக்கொள்ளட்டும், நீதிமொழியும் மீறப்படவில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் இப்படி ஒரு படிவம் என் கைக்கு வந்தபோது, "எங்கள் குழு தன்னால் இயன்றதைச் செய்தது" என்று ஒரே வரியில் முடித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு திருப்தியோடு இருந்தேன். மேலாளர் கூப்பிட்டு, பழைய பதிவேடுகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தியது யார் என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம் என்றேன். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் தற்காலிகப் பணியில் எனக்குக் கீழே இருந்த ஒரு பெண்; அலுவலகம் பூட்டும் நேரம்வரை பதிவேடுகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரியிலும் புள்ளி வைத்துக்கொண்டே போவார். அவருடைய பணியை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரத்தில் முடிவுசெய்தவர்கள் பார்த்தது என் படிவத்தைத்தான். அதில் அவர் இல்லை. பணி நீட்டிக்கப்படவில்லை. என்னை மறைத்துக்கொள்வதாக நினைத்து நான் அவரையும் சேர்த்து மறைத்துவிட்டேன்; என் தாழ்மை என்று நான் நினைத்ததன் நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. அந்தக் காரியம் இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. அன்றைக்கு நான் காப்பாற்றிக்கொண்டது, நான் தாழ்மையானவன் என்று என்னைப்பற்றி நானே வைத்திருந்த படம் ஒன்றைத்தான். தாழ்மை தன்னைத் தாழ்மை என்று ஒருபோதும் அறிந்துகொள்வதில்லை என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1521இல், மரியாளின் துதிப்பாடலுக்கு எழுதிய விளக்கத்தில் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது.

பொறுப்பை மறுப்பதே தாழ்மை என்று எண்ணுகிறவர்கள் மோசேயின் கதையைக் கடைசிவரை வாசிப்பதில்லை. பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் யாரைச் சொல்லுகிறதோ அவரே, எரிகிற முட்செடியின் முன்னே சாக்குமேல் சாக்காகச் சொல்லி, கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றபோது, கர்த்தர் அவர்மேல் கோபமூண்டார் (யாத்திராகமம் 4:14). திக்குவாய் என்று சொன்னபோதுகூட அவர் கோபப்படவில்லை. அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பலவீனத்தைச் சொல்லுவதில் குற்றமில்லை. அதையே காரணமாகக் காட்டி, அனுப்புகிறவரின் முகத்துக்கு முன்னே கதவை மூடுவதில்தான் குற்றம். 590இல் ரோமாபுரியின் ஆயரான கிரகோரி, தாமே அந்தப் பொறுப்புக்குப் பயந்து ஒளிந்துகொள்ளப் பார்த்தவர். அவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டபோது இரண்டு தீர்க்கதரிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஏசாயா, "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்று தாமாக முன்வந்தார். எரேமியா, சிறுபிள்ளையாயிருக்கிறேன் என்று பின்வாங்கினார். இரண்டும் ஒரே அன்பின் ஊற்றிலிருந்து வரலாம் என்பது கிரகோரியின் முடிவு. முன்வந்தவர் முதலில் பலிபீடத்து நெருப்பினால் சுத்திகரிக்கப்பட்டார், பின்வாங்கியவர் கட்டளை வந்தபின் பிடிவாதமாக மறுக்கவில்லை. "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்ற வசனத்தையும் (1 தீமோத்தேயு 3:1) அவர் விட்டுவைக்கவில்லை. உபத்திரவம் வந்தால் முதலில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர் சபைத் தலைவர்தான் என்றிருந்த காலத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது என்று நினைவுபடுத்தினார். பதவியோடு வரும் பாரத்தையும் சேர்த்து விரும்புகிறவன் நல்லதை விரும்புகிறான்.

இதுவரை உங்கள் கூச்சத்துக்கு எதிராகவே எழுதிவந்தேன். ஆனால் மறுபக்கத்தில் இருக்கும் ஆபத்து கற்பனை அல்ல. பல விசுவாசிகள் அதிலேதான் விழுந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸ் இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர் என்பதால் அவரிடம் போகிறேன். தேவன் தனக்குக் கொடுத்த வரங்களைப் பார்க்கிற மனிதன் பெரிய காரியங்களுக்குத் தன்னைத் தகுதியுள்ளவனாக எண்ணலாம், தன் சொந்தக் குறைவைப் பார்க்கிறபோது தன்னைச் சிறியவனாக எண்ணவேண்டும், இவை ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பது அவருடைய போதனை. தன் பெலனுக்குட்பட்ட காரியத்திலிருந்து பின்வாங்குகிற சிறுமனத்தை அவர் பாவம் என்றே சொன்னார். அந்த உவமையில் தாலந்தைப் பெருக்காமல் மண்ணில் புதைத்துவைத்தவனையே அதற்கு உதாரணமாகக் காட்டினார். அதே மனிதர், பதவி ஆசையையும் பாவம் என்றார். கனத்தின்மேல் வைக்கும் ஆசை மூன்று விதத்தில் கெட்டுப்போகிறது: தன்னிடத்தில் இல்லாத சிறப்புக்காகக் கனத்தைத் தேடுவது, கனத்தைத் தேவனுக்குச் சேர்ப்பிக்காமல் தனக்கென்றே தேடுவது, பிறருக்குப் பயன்படுத்துவதற்காக அல்லாமல் கனத்திலேயே மனம் இளைப்பாறிவிடுவது. இவற்றில் முதலாவது உங்களைப்போன்றவர்களுக்குப் பெரிய சோதனையாக இருக்காது. படிவத்தில் உண்மையை எழுதினாலே அது தீர்ந்துவிடும். மூன்றாவதுதான் மெதுவாக, சத்தமில்லாமல் வரும். முதலில் இந்தப் பதவி கிடைத்தால் குழுவுக்கு என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பீர்கள். சில மாதங்களில், அடுத்த பதவிக்கு இந்தக் குழு எனக்கு எப்படி உதவும் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எப்போது மாறியது என்று உங்களுக்கே தெரியாது.

அந்த நோயை உள்ளேயிருந்து எழுதிக்காட்டியவர், பிற்பாடு பெரிய இறையியலாளரான அகுஸ்தீன். மனந்திரும்புவதற்கு முன் அவர் மிலான் நகரில் அணியிலக்கண ஆசிரியராக இருந்தார். அரண்மனைக்கு அருகில் இருந்த, மேலே மேலே ஏறிப்போக வாய்ப்புள்ள பதவி அது. 385ஆம் ஆண்டையொட்டி ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து பேசவேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் பொய்கள் பல இருந்தன. பொய் என்று தெரிந்தவர்களே கைதட்டுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கவலையில் நெஞ்சு துடிக்க நண்பர்களோடு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைப் பார்த்தார். சில காசுகளைப் பிச்சையெடுத்து அவன் அடைந்துவிட்ட சந்தோஷத்தைத்தானே, எத்தனையோ வளைவுகளில் சுற்றிச்சுற்றி நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது. அவன் சந்தோஷமும் உண்மையானதல்ல என்பதையும் அவர் சேர்த்தே எழுதுகிறார். அடுத்த ஆண்டில் அந்த வேலையை விட்டார். எல்லாரும் வேலையை விடவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொய் என்று தெரிந்ததைச் சொல்லி, அது பொய் என்று தெரிந்தவர்களிடம் கைதட்டு வாங்கவேண்டிய நிலை எந்த அலுவலகத்திலும் வரும். அந்த இடத்துக்கு வரும்போது நின்றுவிடமுடியுமா என்பதை, பதவி கிடைப்பதற்கு முன்பே ஜெபத்தில் வைத்து முடிவுசெய்துகொள்வது நல்லது. பிறகு முடிவெடுக்கலாம் என்றால், பிறகு இழப்பதற்கு நிறைய சேர்ந்திருக்கும்.

உங்கள் வேலையைத் தம்முடையதாகச் சொல்லிக்கொள்ளும் அந்த உடன்பணியாளர் விஷயம். "ஒருவரையொருவர் மேன்மையானவர்களாக எண்ணுங்கள்" என்றால் இதையும் சகித்துக்கொள்ளவேண்டுமா என்கிறீர்கள். அந்த வசனத்தை முதலில் வாசித்த பிலிப்பியருக்கு வேறொரு காட்சியும் நினைவிருந்திருக்கும். பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டது அதே பிலிப்பியில்தான். மறுநாள் அதிகாரிகள் இரகசியமாக அவர்களை அனுப்பிவிடப் பார்த்தபோது, தாங்கள் ரோமக் குடியுரிமை உள்ளவர்கள் என்பதைச் சொல்லி, "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்" என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). மனத்தாழ்மையைப்பற்றி அவர்களுக்கு எழுதியவரும், நியாயத்தைக் கேட்டு வாசலில் நின்றவரும் ஒருவரே. இதே பவுல் கொரிந்துவில் தமக்கு உரிமையாயிருந்த ஊதியத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தால் யாருக்கு நன்மை, கேட்டு நின்றால் யாருக்கு நன்மை என்பதைப் பார்த்தே அவர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் விஷயத்தில், அந்த மனிதரிடம் முதலில் தனியே பேசுங்கள். மத்தேயு 18 சொல்லும் ஒழுங்கு அலுவலகத்துக்கும் பொருந்தும். அடுத்த கூட்டத்திலிருந்து உங்கள் அறிக்கையை நீங்களே வாசிக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்துவது கடைசி வழியாக இருக்கட்டும்.

சபை மூத்தவர் சொன்னதில் பாதி மிகவும் சரி. "தேவனே நியாயாதிபதி, ஒருவனைத் தாழ்த்தி, ஒருவனை உயர்த்துகிறார்" என்று 75ஆம் சங்கீதம் சொல்லுகிறது, அதை அவர் உங்களுக்கு நினைவுபடுத்தியதற்கு நன்றியோடிருங்கள். 'கேட்கக்கூடாது' என்ற மறுபாதியைத்தான் வேதத்தில் காணோம். கர்த்தர் உயர்த்தும்வரை காத்திருந்தவர் என்று நாம் எப்போதும் சுட்டிக்காட்டும் யோசேப்பு, சிறையில் பானபாத்திரக்காரனிடம் தன் காரியத்தைப் பார்வோனுக்கு அறிவிக்கும்படி வாய்விட்டுக் கேட்டார். அவன் மறந்துவிட்டான், இரண்டு வருஷம் போயிற்று. பார்வோன் முன்னே நின்றபோது, "நான் அல்ல, தேவனே" என்று தொடங்கினார். ஆனால் சொப்பனத்தின் அர்த்தத்தோடு நிறுத்தாமல், ஐந்தில் ஒரு பங்கு தானியத்தை ஏழு வருஷமும் சேர்த்துவைக்கவேண்டும், அதற்கு விவேகமுள்ள ஒரு மனுஷனை ஏற்படுத்தவேண்டும் என்று திட்டத்தையும் முன்வைத்தார். பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலைசெய்த நெகேமியா இன்னும் தெளிவு. ராஜாவின் முன்னே அவர் மிகவும் பயந்தார். அந்த நொடியில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார். பிறகு இடிந்துகிடந்த எருசலேமைக் கட்டப்போக விடுப்பு, எத்தனை நாள் என்ற கணக்கு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், ராஜாவின் வனக்காவலாளன் தரவேண்டிய மரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் (நெகேமியா 2). கிடைத்ததும், தேவனுடைய தயவுள்ள கரம் தம்மேல் இருந்தபடியால் ராஜா கொடுத்தார் என்று எழுதினார். கேட்டது தம் வாய், கொடுத்தது தேவனுடைய கை என்பதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அதே நெகேமியாவை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். யூதாவுக்கு அதிபதியான பின்பு பன்னிரண்டு வருஷமாக, தமக்குமுன் இருந்த அதிபதிகள் வாங்கிவந்த படியை அவர் வாங்கவில்லை, ஏனென்றால் ஜனங்கள்மேல் ஏற்கெனவே பாரம் கடினமாயிருந்தது (நெகேமியா 5). தாழ்மை இருக்கிறதா என்பது விண்ணப்பம் எழுதும் நாளில் அவ்வளவாகத் தெரியாது. அதிகாரம் கைக்கு வந்தபின், உங்களுக்குக் கீழே இருக்கிறவர்களின் நேரமும் உழைப்பும் உங்கள் கையில் எப்படி இருக்கின்றன என்பதில்தான் தெரியும். பேதுரு தம் நிருபத்தில் தாழ்மையைப்பற்றிச் சொல்லுமுன், இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று மூப்பர்களுக்குத்தான் முதலில் சொல்லுகிறார் (1 பேதுரு 5). கீழே இருக்கிறவர்களுக்கு மட்டும் தாழ்மையைப் போதித்து மேலே இருக்கிறவர்களை விட்டுவிடும் வழக்கம் சபைகளிலும் அலுவலகங்களிலும் உண்டு. அது அப்போஸ்தலருடைய போதனை அல்ல.

கடைசியாக, உங்களை முந்திப்போன அந்த இளையவர். உங்கள் கடிதத்தில் அவரைப்பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த இரண்டு வரியில்தான் வலி அதிகம் என்று எனக்குப் படுகிறது. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலை எருசலேமில் எல்லாரும் சந்தேகித்தபோது அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் கொண்டுபோனவர் பர்னபா. அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவரைக்கும் தேடிப்போய் அவரை அழைத்துவந்தவரும் அவரே. அப்போஸ்தலருடைய நடபடிகளில் 'பர்னபாவும் சவுலும்' என்று தொடங்குகிற அந்த இருவரின் பெயர்கள், 13ஆம் அதிகாரத்தின் பாதியிலிருந்து பெரும்பாலும் 'பவுலும் பர்னபாவும்' என்று வரிசை மாறுகின்றன. அதைக்குறித்துப் பர்னபா ஒரு வார்த்தை சொன்னதாகவும் எங்கும் இல்லை. பின்னால் அவர்களுக்குள் கடுமையான வாக்குவாதம் வந்தது. அதுகூட யார் முதலில் என்பதற்காக அல்ல, மாற்கு என்ற இன்னொரு இளையவனுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று பர்னபா நின்றதற்காக. நீங்கள் பழக்கிவிட்டவர் முந்திப்போனது உங்கள் வேலை நன்றாக நடந்ததற்கு ஓர் அடையாளமும்கூட. அந்தக் கசப்பை ஜெபத்தில் சொல்லுவதோடு நிறுத்தாமல், படிவத்தை எழுதி முடித்ததும் அவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்தான். எங்கே மிகையாக எழுதியிருக்கிறேன், எங்கே குறைத்து எழுதியிருக்கிறேன், உன் பெயர் வரவேண்டிய இடத்தில் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே கொடுத்துவிடுங்கள். அவர் நிதானமாக வாசித்துச் சொல்லட்டும்.